ஆயிரம் கண் பெற்ற சிறுமி

கதை கேட்டு வளராத குழந்தை எந்த நாட்டில்தான் உண்டு? பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளும் பாட்டி சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள். இன்று அக்கதைகள் அழகிய படப்புத்தகங்களாக வருகின்றன. அப்படி அச்சிடும்போது பழங்கதைகளின் கடுமையை நீக்கி இனிப்பாக்கிக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் தாழ்மையான கருத்து.

மணிலாவில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய அருட்சகோதரி ஒருவர் எங்களுக்குச் சில புத்தகங்களைக் காட்டினார். பிலிப்பினோ மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டவை அவை. அவற்றுள் அன்னாசிப் பழத்தின் கதை என் மனத்தில் பதிந்துவிட்டது.

பினா என்றொரு சோம்பேறிச் சிறுமி. ஒருநாள் அவள் தாய் நோயுற்றுப் படுத்தாள். “கொஞ்சம் கஞ்சி காய்ச்சிக் கொடு, மகளே” என்றாள். அகப்பையைக் காணோம் என்று பினா முணுமுணுத்தாள். “உனக்கு ஆயிரம் கண் முளைக்கட்டும்! அப்போதாவது கிடைக்கும்” என்று தாய் கோபத்தில் சபித்துவிட்டாள். அதன்பின் பினாவைக் காணவில்லை. சில நாள் கழித்துத் தோட்டத்தில் உடலெங்கும் கண்களுடன் ஒரு புதுப்பழம் இருந்தது. தாய்க்கு உண்மை விளங்கியது, கதறி அழுதாள்.

அன்னாசி தென்னமெரிக்காவில் பிறந்தது. ஸ்பானியர் அதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டு வந்தனர். பழம் கப்பலில் வந்தது. தாயின் கோபமும் கண்ணீரும் அந்த நாட்டு வீடுகளிலேயே இருந்தவை.

தாய் சபிப்பது குழந்தைகளைப் பயமுறுத்தும் என்பார்கள் சிலர். சாபத்தை எடுத்துவிட்டால் ‘அம்மாவுக்கு உதவி செய்’ என்ற புத்திமதி மட்டுமே மிஞ்சும். அதற்குக் கதை எதற்கு? விட்ட சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்று பெரியவர்களுக்கும் சொல்வதால்தான் இக்கதை உயர்ந்தது.

அந்நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசால் ‘குரங்கும் ஆமையும்’ என்ற நாட்டுக்கதையைப் பாரிசில் ஓர் ஆல்பத்தில் படங்களாக வரைந்தார். 1889-இல் லண்டன் இதழொன்றில் வெளியிட்டார். ஆமை வளர்த்த வாழையின் பழம் முழுவதையும் குரங்கே தின்றுவிடுகிறது. ஆமையோ மரத்தடியில் கூரிய ஓடுகளை வைத்துப் பழி வாங்குகிறது. ரிசால் அதை இனிப்பாக்கவில்லை. அக்கதை வெளியானதன் நினைவாகவே ஜூலை மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமையைத் தேசியக் குழந்தைப் புத்தக நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பினாவின் கதையை என் தங்கைக்குச் சொன்னேன். “அப்புறம் அந்த அம்மாவுக்கு யார் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் அரிசி பொறுக்கிக் கொண்டிருந்த என் தாயாரும் பேசவில்லை. நான் எதையாவது காணோம் என்றால் “உனக்குக் கண் இல்லையா?” என்று தினமும் கேட்பவர் அவர். அன்று மாலை சீப்பைக் காணோம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னோடு சேர்ந்து தேடினார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

ஆகவே தோழியரே, வீட்டில் கேட்டதைத் தேடிக் கொடுக்க ஆயிரம் கண் வேண்டாம். இருக்கும் இரண்டு போதும். பெற்றோரே, கோபத்தில் ஒரு சொல் நாவில் வரும்போது பினாவின் தாயைச் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி