வானத்து மின்சாரம்: பயப்படவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. விண்வெளியில் சூரியத் தகடுகளை மிதக்கவிட்டு, மின்சாரத்தைக் கதிராகப் பூமிக்கு அனுப்பப் போகிறார்களாம். அந்தக் கதிர் பட்டால் பறவைகள் பொரிந்து விழுமாம், ஊரே எரியுமாம். பத்து நிமிடத்தில் இன்னொருவர், "இனி கரண்ட் பில்லே கிடையாது" என்று நேர் எதிராக ஒன்றைப் போட்டார். இரண்டு பேரும் என்னிடம் ஏழாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள்தான். "டீச்சர், எது உண்மை?" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை. ஆனால் ஒரு வரியில் சொல்லி விட்டுவிட மனசு வரவில்லை.

யோசனை புதிதல்ல. 1968இல் பீட்டர் கிளேசர் என்ற பொறியாளர் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் புவிநிலைச் சுற்றுப்பாதையில் மேகம் இல்லை. வருடத்தில் சில வாரங்கள் நள்ளிரவை ஒட்டி அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பூமியின் நிழல் விழும். மற்ற நேரமெல்லாம் வெயில்தான். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் ஆற்றல் அங்கே கிடைக்கிறது. அதை மைக்ரோவேவ் ஆக்கிக் கீழே அனுப்பி, தரையில் விரித்த ஆன்டெனா வலையில் பிடித்து மறுபடி மின்சாரம் ஆக்குவதுதான் திட்டம்.

இப்போது 'பொரிந்து விழும்' கதைக்கு வருவோம். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தை எரித்தோமே, நினைவிருக்கிறதா? மைக்ரோவேவை இவ்வளவு தூரத்திலிருந்து அப்படிக் குவிக்க முடியாது. 12 சென்டிமீட்டர் அலைநீளத்தில், 1 கிலோமீட்டர் அகல ஆன்டெனாவிலிருந்து அனுப்பினாலும், தரைக்கு வரும்போது கதிர் சுமார் 10 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். டார்ச் வெளிச்சம் தூரம் போகப் போகப் பரவுவது மாதிரிதான். 1970களின் இறுதியில் அமெரிக்கா போட்ட மாதிரித் திட்டத்தில் கதிரின் நடுவில் சதுர மீட்டருக்கு 230 வாட். உச்சி வெயில் சுமார் 1,000 வாட். கால் பங்குகூட இல்லை.

அதற்காக முழுக்க ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பொதுமக்களுக்கான பாதுகாப்பு வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட். ஆகவே வேலி வேண்டும், விமானங்களுக்கு விதி வேண்டும், பறவைகளைப் பற்றி ஆய்வு வேண்டும். கதிர் விலகினால் தானாகச் சிதறும்படி, தரையிலிருந்து ஒரு வழிகாட்டி சமிக்ஞை அனுப்பும் முறையையும் யோசித்து வைத்திருக்கிறார்கள்.

'கரண்ட் பில் கிடையாது' கதைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1975இல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் கம்பியில்லாமல் அனுப்பிக் காட்டினார்கள். 2023இல் கால்டெக் நிறுவனம் அனுப்பிய சிறு கருவி, சுற்றுப்பாதையில் இரண்டு எல்.இ.டி. விளக்குகளை இப்படி எரியவைத்தது. அதன் மிகச் சிறிய சமிக்ஞையைத் தரையிலும் பிடித்தார்கள். அரை நூற்றாண்டில் வந்திருக்கும் தூரம் இவ்வளவுதான். 2024 ஜனவரியில் வந்த நாசா அறிக்கையும், இன்றைய நிலையில் இதன் செலவு தரையில் கிடைக்கும் மின்சாரத்தைவிடப் பல மடங்கு என்றே சொல்கிறது. எனவே மொட்டை மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் தாராளமாகப் போடுங்கள். வானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சரி, இவ்வளவு தொலைவில் இருக்கும் விஷயத்துக்கு எதற்கு இத்தனை பெரிய பதிவு? எனக்குக் கவலை வேறு இடத்தில்.

அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்போம். பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் போச்சு, பாட்டு கரகரவென்று ஆகிவிடும். மிக்ஸி போட்டவர் நம்மைத் தொந்தரவு செய்ய நினைக்கவில்லை. சட்னிதான் அரைத்தார். ஆனாலும் நம் பாட்டு போய்விட்டது.

வானத்தில் நடக்கப்போவதும் அதுதான். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் மலைச்சரிவை ஒட்டி 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் இயங்கத் தொடங்கியது. கோடிக்கணக்கான ஒளியாண்டுகள் தாண்டி வரும் முணுமுணுப்பைக் கேட்கிற காதுகள் இந்தத் தொலைநோக்கிகள். தலைக்கு மேல் பல கிகாவாட் ஆற்றலைப் பொழியும் நிலையம் வந்தால், தனக்கு ஒதுக்கிய அலைவரிசையோடு நிற்காமல், அதன் இரு மடங்கு, மும்மடங்கு அலைவரிசைகளிலும் கொஞ்சம் கசியும். அவ்வளவு ஆற்றலில் 'கொஞ்சம்' என்பதே அந்தக் காதுகளுக்கு இடிமுழக்கம். புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருக்கும் ஒரு நிலையம் பூமியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தெரியும். சட்னி அரைப்பது ஒரு நாடு, கரகரப்பு கேட்பது ஐம்பது நாடு.

இன்னொன்று. இரவில் இலங்கை வானொலி பகலைவிடத் தெளிவாகக் கேட்டது என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். மேலே இருக்கும் அயனிமண்டலம் செய்த உபகாரம் அது. பகலில் அதன் கீழ் அடுக்கு அலைகளை விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு மறைய, மேல் அடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்பும். அந்த மண்டலத்தின் வழியாகப் பெரிய மைக்ரோவேவ் கதிர் தொடர்ந்து போனால் என்ன ஆகும்? 1983இலேயே ஜப்பானின் ஹிரோஷி மட்சுமோட்டோ குழுவினர் ராக்கெட்டில் கருவி வைத்து அனுப்பி இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். அயனிமண்டலம் ஜப்பானுக்கு மட்டும் சொந்தமா? அதனால்தான் கேள்வியும் எல்லோருக்கும் பொது.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி. 1919இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய சர்வதேச வானொலி அறிவியல் ஒன்றியம் என்று ஒன்று உண்டு. சுருக்கமாக யுர்சி. 2005இல் அதன் பொதுச்சபை புதுடில்லியில்கூட நடந்தது. விண்வெளிச் சூரிய மின்சாரம் பற்றி 2007இல் அவர்கள் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார்கள். திட்டம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கடைசியில் 'நாங்கள் இதை ஆதரிக்கவும் இல்லை, எங்களுக்குள் ஒருமித்த கருத்தும் இல்லை, ஆராய வேண்டிய கேள்விகள் இவை' என்ற ரீதியில் எழுதினார்கள். விடை தெரியாத இடத்தில் கேள்வியைச் சரியாக எழுதி வைத்தவனுக்கு நான் எப்போதும் அரை மார்க் போடுவேன். இவர்களுக்கு முழு மார்க்.

இன்று அந்த மேசை சுருங்கிக்கொண்டு வருவதுதான் என் கவலை. அமெரிக்கா, சீனா, ஜப்பான், ஐரோப்பா எல்லோரும் தனித்தனியே இதில் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் 2011 முதல், தனி அனுமதி இல்லாமல் நாசா சீனாவோடு இருதரப்பாகச் சேர்ந்து வேலை செய்யக்கூடாது என்று அமெரிக்கச் சட்டமே இருக்கிறது. "எதிரி நாட்டுக்கு எதற்கு ரகசியத்தைச் சொல்ல வேண்டும்?" என்று கேட்பவர்கள் நம் குழுவிலும் உண்டு. நியாயமான கேள்விதான். தகடு செய்யும் நுணுக்கத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எந்த அலைவரிசை, எவ்வளவு ஆற்றல், எவ்வளவு கசிவு, கதிர் விலகினால் எப்படி அணையும், இந்த நான்கும் உலகத்துக்குத் திறந்திருக்க வேண்டும். மூடி வைத்தால்தான் 'இது ஆயுதமோ' என்ற சந்தேகமே வரும்.

பகை நாடுகள் சேர முடியாது என்று சொல்லாதீர்கள். 1963 நவம்பர் 21, தும்பா. காந்த நடுக்கோடு அந்த மீனவக் கிராமத்துக்கு அருகே போகிறது, அயனிமண்டலத்தை ஆராய அருமையான இடம். ராக்கெட் அமெரிக்காவுடையது, அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸுடையது, சோவியத் யூனியனும் உதவியது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது! அந்த ஏவுதலில் வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அதே கலாம் 2010இல், எண்பதை நெருங்கும் வயதில், அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து விண்வெளிச் சூரிய மின்சாரத்துக்காக ஒரு முயற்சியைத் தொடங்கினார். பிற நாட்டார் கை கொடுத்ததால் என்ன கிடைக்கும் என்று இளம் வயதிலேயே பார்த்தவர் அவர்.

இந்தத் திட்டம் நிறைவேறுமா என்று என்னைக் கேட்டால், என் காலத்தில் இல்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஆனால் அலைகளை அளந்து, அளந்ததைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இருந்தால், திட்டம் தோற்றாலும் அறிவு மிஞ்சும். அது இல்லாமல் திட்டம் ஜெயித்தால், யார் வீட்டு மிக்ஸிக்கு யார் பாட்டு போனது என்று நாடுகள் சண்டை போடும்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். இப்படி ஒரு ஃபார்வர்டு வந்தால், அனுப்பும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, 'எவ்வளவு வாட், எவ்வளவு தூரம்' என்று கேளுங்கள். அடுத்த முறை ஊட்டி போகும்போது, பிள்ளைகளுக்கு அந்தத் தொலைநோக்கி இருக்கும் மலைச்சரிவையும் காட்டுங்கள்.

தவறு இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். மின்வாரியத்தில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்