முற்றத்துப் பட்டறை

கற்பிட்டியில் மீனவ நண்பரொருவர், பழைய மொரிஸ் மைனரின் வால்வு ஸ்பிரிங்கை வீட்டு முற்றத்திலேயே மாற்றியதைக் கண்டேன். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றவில்லை. இரு வால்வுகளும் மூடியிருக்கையில், பிளக் துளை வழியே நைலோன் கயிற்றைச் செலுத்திப் பிஸ்டனை உயர்த்தினார். கயிற்றுச் சுருள் வால்வைத் தாங்கியது. ஸ்பிரிங்கைக் கழற்றியபோதும் அது உள்ளே விழவில்லை. கயிற்றின் நுனி வெளியே இருக்கவேண்டும் என்பதே அவரது எச்சரிக்கை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அவ்வைந்தாண்டுகளும் பழைய வண்டிகளை ஓடவைத்தவை இத்தகைய கைகளே. அனுபவத்தைச் சோதித்துத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இலங்கையில் உண்டு. அதிகாரிகள் இம்முற்றங்களைத் தேடி வரட்டும். அறிவு இங்கேதான் இருக்கிறது.