பூட்டைத் திறந்தவன் திருடனா?

கோட்டையூர்ப் படிப்பகத் தோழர் ஒருவரின் கடிதம் நம் மேசைமேல் கிடக்கிறது. காரைக்குடியில் பட்டறை வேலை பார்ப்பவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பக்கமாவது படிக்காமல் தூங்காதவர். கைபேசியில் காசு கொடுத்து ஏழெட்டு மின்னூல்கள் வாங்கியிருந்தார். கணக்கு முடங்கிற்று, நூல்களும் மறைந்தன. விற்ற கம்பெனிக்கு எழுதினால், "விதிமுறையைப் பார்க்கவும்" என்று ஒரே ஒரு வரி பதில்! தோழர் கேட்கிறார்: "எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியும். முன்பே திறந்து எனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் நான் திருடனா? அதையே படிப்பகத்துத் தோழர்கள் நாற்பது பேருக்கும் அனுப்பியிருந்தால்?"

கேள்விகள் இரண்டு. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்பவர்கள் இரு வகை: எல்லாம் திருட்டு என்பவர் ஒருவர், எல்லாம் உரிமை என்பவர் இன்னொருவர். இருவரோடும் நமக்கு உடன்பாடில்லை.

முதலில், இந்தப் பூட்டு என்ன என்று பார்ப்போம். மின்னூல் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. விற்பவர் அதைப் புரியாத குறிகளாக மாற்றிவிடுகிறார். அதை மீண்டும் எழுத்தாக்கும் சாவி, வாங்கியவர் கையில் தரப்படுவதில்லை. கம்பெனியின் இயந்திரம் அனுமதித்த கருவிக்குள் மட்டும் ஒளித்து வைக்கப்படுகிறது. வீட்டைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு, "சாவி என்னிடமே இருக்கட்டும், நீ வரும்போதெல்லாம் நான் திறந்து விடுகிறேன்" என்று சொல்லும் ஆளைக் கண்டதுண்டா? அதுதான் இது. "வாங்கு" என்று பொத்தானில் எழுதியிருக்கிறது. விதிமுறையில் "உனக்குக் கிடைத்தது படிக்கும் அனுமதி மட்டுமே" என்று எழுதியிருக்கிறது. எது உண்மை?

2009 ஜூலையில் அமேசான் கம்பெனி, தன் கிண்டில் கருவிகளில் மக்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை ஒரே இரவில் அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் புகுந்து அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எடுத்துப் போய்விட்டு, மேசைமேல் காசை வைத்துச் செல்லும் உரிமையை எந்தக் கடைக்காரருக்காவது நாம் கொடுத்திருக்கிறோமா? 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையையே மூடிற்று. கடை மூடியதும் வாங்கிய நூல்களும் செத்தன. 2025 பிப்ரவரி முதல், கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பலரும் இங்கே அமெரிக்கச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அங்கே 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, பூட்டைத் திறப்பதே குற்றம். மின்னூல் பூட்டைத் திறக்கும் மென்பொருளை எழுதிய ஸ்கிலியாரோவ் என்ற ரஷ்ய இளைஞரை 2001இல் லாஸ் வேகாஸில் கைது செய்தார்கள். அவர் வேலை பார்த்த கம்பெனிமீது வழக்கு நடந்தது. 2002 டிசம்பரில் ஜூரிகள் குற்றமில்லை என்று தீர்ப்பளித்தார்கள்.

இந்திய நாடாளுமன்றம் அந்த வழியில் போகவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் திறந்தால் இரண்டாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. திறந்த கையை மட்டும் பார்க்கவில்லை. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகத் திறப்பதை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே, காசு கொடுத்து வாங்கிய நூலைத் தானே படிப்பதற்காகத் திறந்தவர் திருடர் அல்லர் என்பதே நம் கருத்து. கம்பெனி தன் விதிமுறையைக் காட்டிக் கணக்கை மூடலாம். அது வியாபாரத் தகராறு. அதைக் குற்றம் என்று பெயரிட்டு உழைப்பாளியை மிரட்டக் கூடாது.

தெருப் பையனுக்கும் ஒரு செய்தி உண்டு. பிறருக்காகப் பூட்டைத் திறந்து தருபவர், அவர் பெயர், முகவரி, என்ன நோக்கம் என்பதையெல்லாம் முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. அதாவது பேரேடு வைக்க வேண்டும்! செட்டிநாட்டுக்குப் பேரேடு புதிதல்லவே.

கண்பார்வையற்ற தோழர்களின் கதை இன்னும் கொடுமை. உரக்கப் படித்துக் காட்டும் கருவியைப் பூட்டு தடுத்தால், காசு கொடுத்த நூலும் அவருக்கு வெறும் சுவர்தான். உடற்குறையுடையோர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிக்கொள்ள 52ஆம் பிரிவே இடம் தருகிறது. இதற்கென்று 2013இல் எழுதப்பட்ட மராக்கேஷ் உடன்படிக்கையை, 2014இல் உலகிலேயே முதல் நாடாக ஏற்று உறுதி செய்தது இந்தியா. இப்படிப் பெயர் வாங்கிய நாட்டில் ஒருவர் படிக்க வேண்டுமானால் பூட்டு உடைக்கத் தெரிந்தவனைத் தேடி அலைய வேண்டுமா?

இனி இரண்டாவது கேள்வி. நாற்பது பேருக்கு அனுப்பலாமா? கூடாது. இதைச் சொல்வது சில தோழர்களுக்குக் கசக்கும். "படிப்பகத்தில் ஒரு பத்திரிகையை ஐம்பது பேர் படிக்கவில்லையா?" என்பார்கள். படிக்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பது ஒரே பிரதி, கைமாறுகிறது. இங்கே ஒன்று நாற்பதாகிறது, நாற்பது நாளை நாலாயிரம் ஆகிறது. தமிழில் எழுதிப் பிழைப்பவர் எத்தனை பேர்? இரவெல்லாம் விழித்து எழுதியவருக்கும், மெய்ப்புத் திருத்தியவருக்கும், அட்டை வரைந்தவருக்கும் வர வேண்டிய கூலி அது. கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கும் நாம், இன்னொரு உழைப்பாளியின் கூலியில் கை வைப்பதா?

ஆனால் ஒன்று. கைபேசிக் குழுக்களில் தமிழ் நூல்களை அள்ளி வீசும் கூட்டம் அதற்காகப் பூட்டை உடைக்க வேண்டியதே இல்லை. அச்சு நூலைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் வேலை முடிந்தது. கள்ளனைத் தடுக்காத பூட்டு, காசு கொடுத்தவனை மட்டும் வாசலில் நிறுத்துகிறது. கிண்டிலிலேயே பூட்டுப் போடுவதா வேண்டாமா என்பதைப் பதிப்பிப்பவர் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்ப் பதிப்பாளர்கள் இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

எழுத்தாளருக்குக் கொடுத்துவிட்டு மக்களுக்குத் திறந்துவிடும் வழியும் இந்த நாட்டுக்குத் தெரியும். பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் ஓமந்தூரார் சர்க்கார் பாரதி எழுத்துகளை நாட்டுடைமையாக்க முன்வந்தபோது, அவர் தம் உரிமையை விலை கேட்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதி குடும்பத்தாருக்குச் சர்க்கார் பணம் தந்தது. அதன் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழறிஞர்களின் நூல்கள் அவ்வாறு நாட்டுடைமையாகியிருக்கின்றன.

நம் கவலை இதைவிடப் பெரியது. கடிதம் வந்த ஊர் கோட்டையூர்! அந்த ஊரில்தான் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்ற மனிதர் வாழ்ந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, சர்க்கார் மானியம் இல்லை. பழைய புத்தகக் கடைகளிலும் வீடுகளின் பரண்களிலும் தேடித் தேடி, நூல், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிற்று, ஆனால் கப்பலேற்றவில்லை. அது சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. மக்கிப்போகும் தாள்களை நுண்படமெடுத்துக் காத்தார்கள். நகலெடுத்தார்கள், அதனால் நூல்கள் பிழைத்தன.

நாளை ஒரு முத்தையா பிறந்தால் என்ன சேர்ப்பார்? 2016 முதல் கிண்டிலில் தமிழ் நூல் விற்கிறது. அச்சுக்கே வராமல் மின்னூலாக மட்டும் வந்தவை குவிந்திருக்கின்றன. அவற்றைப் பழைய கடையில் வாங்க முடியாது; பரணில் தேட முடியாது; படித்து முடித்தவர் விற்கவும் முடியாது. கம்பெனி கதவடைக்கும் நாளில் ஒரு தலைமுறையின் எழுத்தே காணாமற்போகும்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. பாதுகாப்புக்காக ஒரு நூலை மின்வடிவில் சேமித்து வைக்க, லாப நோக்கமற்ற பொது நூலகத்துக்கு 52ஆம் பிரிவு அனுமதி தருகிறது. ஆனால் அந்த நூலின் மின்வடிவமல்லாத பிரதி நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டுமாம்! தாளில் பிறக்காத நூலுக்குத் தாள் பிரதி எங்கிருந்து வரும்? கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டமும் அச்சேறிய நூலை மனத்தில் வைத்து எழுதப்பட்டதே.

நமது உறுப்பினர்கள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும். மின்னூல் ஒவ்வொன்றுக்கும் பூட்டில்லாத ஒரு பிரதி கன்னிமாராவுக்கு வர வேண்டும். விற்பனை நடக்கும் காலம் வரை அது நூலகத்தின் உள்ளேயே இருக்கட்டும், எழுத்தாளர் வருவாய்க்குக் குறைவு வராது. மாநில சர்க்கார் டில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மின்னூல்களை வாங்க நூலக ஆணை தரும் நாளில், பூட்டில்லாத பிரதி தருபவரிடமே வாங்குவோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கோட்டையூர்த் தோழர் இனி வாங்கும் நூலுக்குத் தமக்கென்று ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டும். மற்ற முப்பத்தொன்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் படிப்பகத்துக்கு அச்சுப் பிரதிகள் வாங்கி வைக்கட்டும்.