டேபா ஸ்பேஸா என்பதல்ல பிரச்சினை

ஒரு வரியை எவ்வளவு தள்ளி ஆரம்பிப்பது என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். நான் டேப், அவர் நாலு ஸ்பேஸ். ரெண்டு பேரும் சம்பளம் வாங்கிக்கொண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். "அவரவர் ரசனைப்பா, விடு" என்பார்கள். இந்தச் சமாதானத்தோடுதான் எனக்குச் சண்டை.

ரசனை விவகாரம் முடிந்த கதை. கோ மொழிக்காரர்கள் 'கோஃபம்ட்' என்ற கருவியைக் கொடுத்து, அது அடுக்குவதுதான் அடுக்கு என்று சொல்லிவிட்டார்கள். பைத்தானுக்கு நாலு ஸ்பேஸ், லினக்ஸ் கெர்னலுக்கு எட்டு எழுத்து அகல டேப். அந்தந்த வீட்டில் அந்தந்தச் சட்டம்.

ஓயாத சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. 1968இல் டைக்ஸ்ட்ரா 'கோ டூ' கட்டளைக்கு எதிராக ஒரு கடிதம் எழுதினார். அது கண்டபடி தாவினால், ஓடும் நிரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று படிப்பவரால் பின்தொடர முடியாது என்பது அவர் கவலை. ('தீங்கானது' என்ற தலைப்பு, பத்திரிகையில் ஆசிரியராக இருந்த விர்த் வைத்தது. நல்ல தலைப்பு, அரை நூற்றாண்டுச் சண்டைக்கு உத்தரவாதம்.) ஆனால் லினக்ஸ் கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம், ஃபங்ஷன் பாதியில் பிழையோடு வெளியேறும்போது, பிடித்துவைத்ததையெல்லாம் ஒரே இடத்தில் விடுவிக்க கோ டூ வசதி என்கிறது. யார் சரி? ரெண்டு பேருமே. அவரவர் பட்ட அடியைத்தான் விதியாக எழுதிவைக்கிறோம்.

அடியே படாதவன் விதி பேசும்போதுதான் ஆபத்து. நான் பேசினேன். தொள்ளாயிரம் வரி ஃபங்ஷன் ஒன்றை நாற்பது துண்டாக நறுக்கினேன். "ராத்திரி ரெண்டு மணிக்கு இதை யாருப்பா படிக்கப்போறா?" என்று ரிவ்யூவில் ஒரு சீனியர் கேட்டார். புத்தகத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தேன். ஆறே மாதத்தில், நல்ல ஹைக்கோடு, வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டேன்.

ரெண்டு வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பையன் நள்ளிரவில் அழைத்தான். "அண்ணா, கஸ்டமருக்குப் பணம் ரெண்டு தடவை கழியுது. பதினோரு ஃபைல் தாண்டிட்டேன், எங்கன்னு புரியல." எனக்கும் புரியவில்லை. எழுதியவன் நான்தான்.

வடிவமைப்பு தப்பு என்று தெரியவருவதற்குள் வடிவமைத்தவன் கிளம்பிவிடுகிறான். அதனால் யாரும் தோற்பதில்லை, அதனால்தான் குரல் உயர்கிறது. ரசனை என்று சொல்லி இதை மூடாதீர்கள். ராத்திரியில் யாருடைய போன் அடிக்குமோ, ரிவ்யூவில் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும்.

அந்தப் பையன் என் நாற்பதையும் சேர்த்து, முந்நூறு வரியில் ஒரே ஃபங்ஷனாக்கிவிட்டானாம். ரிவ்யூவில் யாரோ புத்தகத்தைக் காட்டித் திட்டினார்களாம்.