ஒரே கலரில் ஒரு பெட்ரூம்!

எண்பதுகளில் வீட்டில் கறுப்பு வெள்ளை டி.வி. வைத்திருந்தவர்கள் கை தூக்கவும். மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் ஒரு ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் ஷீட் ஒன்று கடையில் விற்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதை வாங்கித் திரைக்கு முன்னால் மாட்டினால் கலர் டி.வி.! செய்தி வாசிப்பவரின் தலைமுடி நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் தெரியும். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. 1982-ல் ஏஷியாடை ஒட்டி இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்த பிறகும், அந்த ஷீட் பல வீடுகளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கலருக்காக அவ்வளவு ஏங்கிய ஜனம் நாம்.

அந்த ஜனத்தின் பிள்ளைகள் இப்போது காசு கொடுத்துக் கலரை எடுக்கச் சொல்கிறார்கள். இந்த வைபவத்துக்குப் பெயர் மானோக்ரோம்.

எங்கள் ஆபீஸில் எதிர் சீட் தம்பிக்கு ஆவணியில் கல்யாணம். சங்கரன்கோவில் டவுனுக்குள்ளேயே வீடு. ஆடித் தபசு கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருந்த வாரத்தில், செல்போனை என் மூக்குக்குக் கீழே நீட்டினான். ஏதோ ஒரு வெளிநாட்டு பெட்ரூம். சுவர் சாம்பல், மெத்தை சாம்பல், தலையணை சாம்பல், ஜன்னல் திரை சாம்பல். ஓரத்தில் படுத்திருந்த பூனைகூட சாம்பல்.

"எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியளா அண்ணாச்சி?"

"இருக்காதா பின்னே? ரூம்ல ஆளே இல்லையே!"

அவன் சிரிக்கவில்லை. கல்யாணம் நிச்சயமானவர்கள் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை. வேறு கணக்கில் இருப்பார்கள்.

* * *

முதலில் ஒரு விஷயம். மானோக்ரோம் என்றால் ஒரே டப்பா பெயிண்டை எல்லாவற்றின் மேலும் ஊற்றுவது அல்ல. ஒரு நிறத்தை எடுத்துக்கொண்டு, அதன் அடர்த்தியை மட்டும் கூட்டிக் குறைத்து விளையாடுவது. காபி மாதிரி. டிகாஷனில் ஆரம்பித்து ஸ்ட்ராங், மீடியம், லைட் என்று வந்து, கடைசியில் ஆடை படிந்த பால். எல்லாம் ஒரே குடும்பம். கண்ணுக்குச் சண்டை இல்லை; அதனால் மனசுக்கும் கொஞ்சம் ஓய்வு. இதுதான் தத்துவம்.

புதுசும் இல்லை. 1927-ல் லண்டன் செல்சியாவில் ஸிரி மாம் என்கிற அம்மாள் தன் வீட்டு வரவேற்பறையை வெள்ளையோ வெள்ளை என்று அலங்கரித்து ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தார். நாவலாசிரியர் சாமர்செட் மாமின் மனைவி. 1929-ல் விவாகரத்து ஆகிவிட்டது. வெள்ளைதான் காரணம் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அதே சாமர்செட் மாம் 1938-ல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு வெள்ளைக் கோவணத்தோடு அமைதியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதைவிடச் சிக்கனமான மானோக்ரோம் உலகத்தில் கிடையாது!

அவ்வளவு தூரம் போவானேன்? பொங்கலுக்குப் பொங்கல் நம் வீடுகளில் அடித்த சுண்ணாம்பு என்ன கலர்? வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் பசை, ஒரு சிட்டிகை நீலம். அந்த நீலம் எதற்குத் தெரியுமா? சுண்ணாம்பு வெள்ளையில் லேசாக ஒரு மஞ்சள் சாயல் ஒளிந்திருக்கும். நீலம் அதை அமுக்கிவிடும். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். வேட்டிக்கு நீலம் போடுகிற அதே சூட்சுமம். காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு, சுவரிலேயே மறுபடி சுண்ணாம்புக் கல்லாக இறுகும் சரக்கு அது. ஒரே குறை, சாய்ந்தால் முதுகில் அப்பிக்கொள்ளும். புது மாப்பிள்ளை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சாயக் கூடாது, அவ்வளவுதான்.

* * *

தம்பியின் ரூமைப் போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பத்து. வீட்டில் இருக்கிற ஒரே பெட்ரூம். அமைதிக்கு எதிரான சகல சக்திகளும் அங்கே குடியிருந்தன.

பச்சைக் கலர் பீரோ. அதன் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டுகள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நாலு ஜவுளிக் கடை காலண்டர். அதில் இரண்டு போன வருஷத்தது, சாமி படம் என்பதால் கழற்ற மனசு வரவில்லை. பரணில் அண்டா, குத்துவிளக்கு, ஓடாத கிரைண்டர். மூலையில் அரிசி மூட்டை. கட்டிலில், நம் தேசியப் போர்வை. அதாவது, புலிப் போர்வை! ஆளையே பார்த்தபடி ஒரு புலி படுத்திருக்குமே, அதே. இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் ராத்திரியில் புலியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். காலையில் பாஸைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

"இதுக்கு நடுவுல சாம்பல் கலர் அடிச்சா எப்படி இருக்கும்?" என்றான் தம்பி.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியில் இருந்து அவன் அம்மா குரல்.

"ஏலே, கல்யாண ரூமுக்குச் சாம்பலை அடிப்பியா? ரோஸ் அடி, மஞ்சள் அடி. மங்களகரமா இருக்க வேண்டாமா?"

"நம்ம ஊரு சாமியே பாதி உடம்புல சாம்பல்தானம்மா பூசியிருக்காரு!"

"மீதிப் பாதி பெருமாள்லா!"

சங்கரநாராயணர் கோயில் ஊரில் பிறந்தவர்களோடு வாதாட முடியாது. வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் விஷ்ணு. யார் பெரியவர் என்று நாகராஜாக்கள் சங்கனும் பதுமனும் மோத, கோமதி அம்மன் தவமிருந்து அந்த ஒரே உருவத்தை வரவழைத்தாள் என்பது தல புராணம். திருநீறு பாதி, நீலமேனி பாதி. அடிதடிக்குப் போகாமல் இரண்டு நிறம் ஒரே உடம்பில் குடித்தனம் நடத்துகிற ஊர் இது. பத்துக்குப் பத்து ரூமில் முடியாதா என்ன?

* * *

ஆனால் சாம்பலுக்கு எதிராக என்னிடம் வேறு வாதங்கள் இருந்தன.

ஒன்று, வெளிச்சம். நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் பத்துக்கு எட்டுப் பங்கு திருப்பிக் கொடுக்கும். அடர் சாம்பல் ஒரு பங்கு கொடுத்தால் அதிகம். ஒற்றை ஜன்னல் ரூமில் அடர் கலர் அடித்தால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லைட் போட வேண்டும்.

இரண்டு, கொசு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டெங்கு பரப்பும் கொசுவை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 2022-ல் வெளியிட்டார்கள். நம் மூச்சில் வரும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்ததும் அது கறுப்பு, சிவப்பு, ஆரஞ்சு பக்கம் பாய்கிறது. வெள்ளை, பச்சையைக் கண்டுகொள்வதில்லை. பெட்ரூம் சுவருக்கு அடித்துப் பார்த்த சோதனை இல்லைதான். இருந்தாலும் எதற்கு அதற்கு அழைப்பிதழ் வைக்க வேண்டும்?

மூன்று, கலர் அடித்தால் அமைதி வரும் என்பதே அரைகுறை உண்மை. 1979-ல் அமெரிக்காவில் சியாட்டில் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு ஒரு தினுசான பிங்க் அடித்தார்கள். கைதிகளின் மூர்க்கம் அடங்கியது என்று சேதி பரவியது. அனுமதி கொடுத்த இரண்டு அதிகாரிகளின் பெயரையே கலருக்கும் வைத்தார்கள்: பேக்கர்-மில்லர் பிங்க். பல சிறைகள் பிங்க் பூசிக்கொண்டன. பின்னால் வந்த கவனமான சோதனைகளில் அந்த மாயம் நிற்கவில்லை. அடித்துக்கொள்கிறவன் எந்தக் கலரிலும் அடித்துக்கொள்வான்.

"அப்ப சுவத்தை விட்டுட்டு பல்பைக் கவனி தம்பி" என்றேன். தூக்கத்தைக் கெடுப்பதில் பெயிண்டைவிட டியூப்லைட்டுக்குத்தான் பங்கு அதிகம். பார்ப்பதற்கு உள்ள செல்கள் போக, பகலா ராத்திரியா என்று மூளைக்குத் தகவல் சொல்வதற்கென்றே நம் கண்ணில் தனியாகச் சில செல்கள் இருப்பதை 2002-ல் நிரூபித்தார்கள். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் பட்டால் அவை "விடிஞ்சாச்சு" என்று தந்தி அடித்துவிடும். கடையில் நாம் கேட்டு வாங்குகிற 6500 கே 'கூல் டே லைட்' அந்த ரகம். படுக்கிற ரூமுக்கு 2700 கே 'வார்ம் ஒயிட்' போதும். அல்லது நம் பழைய ஜீரோ வாட்ஸ் விடிவிளக்கு. (பெயர்தான் ஜீரோ. அந்தக் காலத்துக் குண்டு பல்ப் பதினைந்து வாட்ஸ் வரை இழுத்தது!)

* * *

"எல்லாம் சரி. பொண்ணுகிட்ட கேட்டியா?" என்றேன்.

முழித்தான். பெயிண்ட் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறான், அம்மாவிடம் கேட்டிருக்கிறான், என்னிடம்கூடக் கேட்டுவிட்டான். அந்த ரூமில் வந்து வாழப்போகிற ராஜபாளையத்துப் பெண்ணிடம் மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. போன் பண்ணியிருக்கிறான். சாம்பலின் பதினாறு வகைகளை விளக்கியிருக்கிறான். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டதாம்.

"செவுரு என்ன கலரா வேணா இருக்கட்டும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

இல்லை! நாற்பது வருஷமாக அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொண்டிதான். ஏனென்றால் அது பெட்ரூமே இல்லை. அரிசி எடுக்க அம்மா வருவார், பீரோ திறக்க அப்பா வருவார், வெற்றிலைப் பெட்டிக்கு ஆச்சி வருவார், தாம்பாளம் கடன் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள். சின்ன வீடுகளில் இதெல்லாம் யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் புதுசாக வருகிற பெண்ணுக்கு, புடவை மாற்றவோ, பிறந்த வீட்டு ஞாபகம் வந்தால் ஐந்து நிமிஷம் அழவோ, ஒரு மூடிய கதவு வேண்டாமா? அமைதியான பெட்ரூம் என்பதற்கு அந்தப் பெண் சொன்னதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்த அலங்காரப் புத்தகத்திலும் இருக்காது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. முதலில் ரூமில் இருந்து எதை எடுப்பது என்று பட்டியல். அரிசி மூட்டை அடுப்படிக்கு, அண்டா மாடிப்படி அடிக்கு, பீரோ ஹாலுக்கு. காலண்டர்களுக்கு விடுதலை. பாதி அமைதி, ஒரு சொட்டு பெயிண்ட் செலவில்லாமல் வந்துவிட்டது.

கலர்? சாம்பலும் இல்லை, ரோஸும் இல்லை. உமி கலரில் ஒரு லேசான டிஸ்டெம்பர். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடுகிறது. ஜன்னலுக்குச் சாயம் போடாத காடாத் துணி. தரைக்குச் சாயமில்லாத பத்தமடைக் கோரைப்பாய். ஒரு பனையோலைப் பெட்டி. உமி, காடா, கோரை, ஓலை. எல்லாம் ஒரே குடும்பத்து நிறம். ஆனால் தொட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. வெளிநாட்டுப் படத்தில் இருந்த ரகசியமும் அதுதான்: நிறம் ஒன்று, தொடுகை வேறு. பூ மார்க்கெட் இருக்கிற ஊர்; மல்லிகையைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

ஒரே ஒரு விதிவிலக்கு, ஆச்சிக்காக. அவர் கட்டில் ஹாலுக்கு மாறிவிட்டது. ஒரு கண்ணில் புரை. சுவர், கதவு, நிலைப்படி எல்லாம் ஒரே கலரில் இருந்தால் கண் மங்கியவர்களுக்கு எது படி, எது தரை என்று தெரியாது, இடறி விழுவார்கள். அதனால் நிலைப்படியில் மட்டும் பழையபடி பளீர் மஞ்சள், குங்குமம். ஸ்விட்ச் போர்டைச் சுற்றி ஒரு காபி கலர் பட்டை. மானோக்ரோம் சாஸ்திரப்படி இது தப்பாக இருக்கலாம். ஆச்சியின் இடுப்பெலும்பு சாஸ்திரத்தைவிட முக்கியம்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் என் பங்குக்குப் பித்தளையில் கனமான ஒரு தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்தேன். மொய் எழுதியவர் மூன்று தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அன்பளிப்பு - 1" என்று எழுதிக்கொண்டார். மற்ற அன்பளிப்புகள்: சுவர்க்கடிகாரம் ஒன்பது, புலிப் போர்வை நாலு.

உங்கள் ஆபீஸில் யாருக்காவது கல்யாணமா? கடிகாரத்தை விடுங்கள். அவர்கள் ரூம் கதவு உள்ளிருந்து மூடுமா என்று விசாரியுங்கள்!