மாடிப்படிக்குக் காபட் போடப் போகிறீர்களா?

காணி சுருங்கச் சுருங்க, நம் ஊர்களில் வீடுகள் மேல்நோக்கி வளர்கின்றன. மேல்மாடி கட்டியதும் படிகளுக்கு மினுங்கும் மாபிள் பதிக்கிறோம். பார்க்க அழகுதான். ஆனால், ஈரக் காலுடன் ஓடி இறங்கும் பிள்ளைக்கும், முழங்கால் வலியுடன் மெல்ல இறங்கும் மூத்தம்மாவுக்கும் அந்த மினுக்கமே ஆபத்து. அதனால் பலர் படிகளின் நடுவே நீளமான காபட் ஒன்றை விரிக்க விரும்புகிறார்கள்.

நல்ல யோசனை. ஆனால் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: இறுகப் பிடிக்காத காபட், வெறும் படியைவிட மோசமானது. வெறும் படியில் கால்தான் வழுக்கும். தளர்ந்த காபட்டில், காலோடு காபட்டும் சேர்ந்து வழுக்கும்.

எந்தப் படிக்கு?

நேராக ஏறும் பலகைப் படியிலும் சாதாரண சீமெந்துப் படியிலும் இந்த வேலையை வீட்டிலுள்ளவர்களே செய்யலாம். மாபிள் பதித்த படியில் ஆணி அடித்தால் மாபிள் வெடித்துவிடும். அதற்குத் துளையிடத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், ஒவ்வொரு படியின் முன்னோரத்திலும் வழுக்காத சொரசொரப்பு நாடாவை ஒட்டிவிடுங்கள். செலவும் குறைவு. வளைந்து திரும்பும் படிகளைத் தொழில் தெரிந்தவரிடமே விடுங்கள்.

தெரிவு செய்யும்போது

படி 3 அடி அகலமானால், 27 அங்குலக் காபட் பொருந்தும். இரு பக்கமும் நாலரை அங்குலம் வெளியே தெரியும். மயிர் குட்டையாக, நெருக்கமாக இருக்கட்டும். மொத்தமான காபட் படியின் முனையை உருண்டையாக்கிவிடும்; கால் வைக்கும் இடமும் குறையும். பூவும் கொடியும் நிறைந்த வடிவங்களும் வேண்டாம். பார்வை மங்கியவர்களுக்குப் படி எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும். ஒரே நிறமே பாதுகாப்பு.

நம் நாட்டு ஈரக் காலநிலைக்கு பொலிபுரொப்பிலீன் காபட் ஏற்றது. நீரை உறிஞ்சாது, விரைவில் காயும். மொத்தமான தும்பு விரிப்பு படியின் முனையில் ஒட்டி வளையாது. அது வாசலிலேயே இருக்கட்டும்.

அளவு

ஒவ்வொரு படியிலும் மிதிக்கும் பாகம், நிமிர்ந்த பாகம், முன்னே நீண்டிருக்கும் முனை ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். உதாரணமாக, 10 அங்குல மிதி 12, 7 அங்குல உயரம் 13, முனைக்கு 1 அங்குலம் வீதம் 12. மொத்தம் 223 அங்குலம், அதாவது 18 அடி 7 அங்குலம். வெட்டிச் சரிசெய்வதற்கும் சேர்த்து 20 அடி வாங்குங்கள்.

வேலை

பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரம் பாருங்கள். முதலில் படியின் நடுவை அளந்து, இரு ஓரங்களுக்கும் சோக்கால் கோடு போடுங்கள்.

அடுத்து, ‘கிரிப்பர்’ எனப்படும் முள்ளுப் பலகைத் துண்டுகள். காபட்டின் அகலத்தைவிட ஓர் அங்குலம் குறைவாக அவற்றை வெட்டுங்கள். மிதியின் பின்னோரத்தில் ஒன்று, அதன் மேலே நிமிர்ந்த பாகத்தில் ஒன்று. இரண்டின் முட்களும் மூலையை நோக்கியிருக்க வேண்டும். நடுவே காபட் மடிந்து நுழைய அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி விடுங்கள். சீமெந்துப் படியானால் கொங்கிறீட் ஆணி பாவியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் அடிக்க வேண்டாம்.

பிறகு, மெல்லிய, இறுக்கமான அடிவிரிப்பை மிதியிலிருந்து முனையைச் சுற்றிக் கீழே வரும்படி பொருத்துங்கள். அது கிரிப்பரின் மேல் ஏறக்கூடாது.

இனிக் காபட். கையால் தடவிப் பாருங்கள். மயிர் மிருதுவாகப் படியும் திசை கீழ்நோக்கி இருக்கட்டும். அடிப்படியில் தொடங்கி மேலே செல்லுங்கள். முனையைச் சுற்றி இறுக இழுத்து, மழுங்கிய அகன்ற உளியால் மூலைக்குள் தட்டி நுழையுங்கள். பலகைப் படியானால் முனையின் கீழே மூன்று சிறு ஆணிகளும் அடிக்கலாம். ஒவ்வொரு படி முடிந்ததும் கோட்டைப் பாருங்கள். கீழே கால் அங்குலம் விலகினால், மேலே போகப் போகக் கோணல் கூடிவிடும். பித்தளைக் கம்பிகள் அழகுக்குப் பொருத்தலாம். பிடிப்புக்கு அவற்றை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

முடிந்த பிறகு

சிந்திய ஆணிகளை எண்ணிப் பொறுக்குங்கள். ஒவ்வொரு படியிலும் முழங்காலிட்டு, இரு கைகளாலும் காபட்டை முன்னே இழுத்துப் பாருங்கள். கொஞ்சமும் அசையக்கூடாது. அசைந்தால் அந்தப் படியைக் கழற்றித் திரும்பச் செய்யுங்கள். “நாளைக்குப் பார்ப்போம்” வேண்டாம். மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். மழைக்காலத்தில் ஈரம் பட்டால் மின்விசிறி வைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து நாறும்.

காபட் போட்டாயிற்று என்பதற்காகக் கைப்பிடியையும் வெளிச்சத்தையும் மறந்துவிடாதீர்கள். மேலும் கீழும் போட்டு அணைக்கும் சுவிட்ச் ஒன்று இருப்பது நல்லது. நீண்ட ஆடை அணிபவர்கள் ஒரு கையால் ஆடையைச் சற்றே தூக்கி, மறு கையால் கைப்பிடியைப் பிடித்தே இறங்குங்கள். இரு கைகளிலும் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பழக்கம் இன்றோடு நிற்கட்டும்.