பாப்பாவைப் பார்க்கப் போறீங்களா? மூத்த பிள்ளையையும் பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நைட் ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம கோயில் ஆளுங்ககிட்ட ஒரு நல்ல பழக்கம் இருக்கு. யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் தீட்டு கழிந்ததும் கூட்டமாகப் போய்ப் பார்ப்போம். பேம்பர்ஸ், சின்னச் சட்டை, வசதி இருந்தால் ஒரு மோதிரம். தொட்டிலை எட்டிப் பார்த்து மூக்கு யார் மாதிரி, காது யார் மாதிரி என்று பேசி, ஒரு கோப்பி குடித்துவிட்டுக் கிளம்புவோம். அதே வீட்டில் நாற்காலிக்குப் பின்னால் மூணு நாலு வயசுப் பிள்ளை ஒன்று நின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? "என்ன, உன் மவுசு போச்சா?" "இனிமே அம்மா உன்னைத் தூக்க மாட்டாங்க." "பாப்பாவை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" சொல்லிட்டு நாமே சிரிக்கிறோம்.

இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டுக்குச் சொல்றோம், பிள்ளை மறந்துடும் என்று நினைக்கிறீங்க. என் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து இப்போது ஏழு வாரம். பிரசவ லீவில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மூத்தவளுக்கு நாலு வயசு. பார்க்க வந்த ஒரு அம்மா, நல்ல மனசுக்காரங்கதான், "தம்பிய என் பைக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாங்க. அன்றிலிருந்து யார் வந்தாலும் இந்தப் பிள்ளை வாசலில் போய் நிற்கிறாள். அவர்கள் கிளம்பும்போது பையைத் திறந்து பார்க்கிறாள். இரண்டு வாரம் அப்படியே இருந்தாள். பார்த்தவர்கள் "எவ்வளவு சுட்டி பாருங்க" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றரை வருஷமாகப் படுக்கையை நனைக்காத பிள்ளை மறுபடியும் நனைத்தாள். கோப்பையில் மைலோ குடிப்பவள் பால் புட்டி கேட்டாள். பேச்சும் மழலையாகிவிட்டது. என் மனைவி பயந்துவிட்டார். கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து வீட்டுக்கு வந்த தாதி, தம்பி தங்கச்சி பிறந்த வீட்டில் இது சாதாரணம், திட்டாதீங்க, கேட்டால் புட்டியைக் கொடுங்க, தானாக விட்டுவிடும் என்று சொன்னாங்க. (அதே தாதி பாப்பாவுக்குச் சாம்பிராணிப் புகை போட வேண்டாம் என்றும் சொன்னாங்க. அதில்தான் என் மனைவிக்குக் கோபம். அது வேறு கதை.)

நம்ம பெரியவங்க ஒரு கேள்வி கேட்பாங்க, எனக்குத் தெரியும். "நாங்க ஏழு எட்டுப் பிள்ளை பெத்தோம், இதெல்லாம் பார்த்துக்கிட்டா இருந்தோம்?" நியாயமான கேள்விதான். நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் ஆறு பேர், நான் மூன்றாவது. அம்மா பால்மரம் வெட்டினாங்க. எனக்குக் கீழே தங்கச்சி பிறந்தபோது எனக்கு யாரும் தனியாக ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஏன் என்றால் லயத்தில் அடுத்த வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைதான். காலையில் ஆயாக் கொட்டகை, மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாட்டி, சாயங்காலம் கோயில் திடல். பசித்தால் எந்த வீட்டு அடுப்பிலும் சோறு கிடைக்கும். அம்மா மடி பாப்பாவுக்குப் போய்விட்டால் பத்து மடி இருந்தது.

இப்போது நாம் தாமான் வீட்டில் இருக்கிறோம், இல்லை என்றால் அடுக்குமாடியில். இரும்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. அப்பா வேலைக்குப் போய்விடுவார். அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஒரே ஒரு மடி, அதில் இப்போது வேறொருவர் படுத்திருக்கிறார். தோட்டத்துப் பிள்ளையையும் தாமான் பிள்ளையையும் ஒன்றாக நினைத்துப் பேசக் கூடாது.

தாயைப் பற்றியும் சொல்கிறேன். நான் பேக்டரியில் சூப்பர்வைசர். என் லைனில் பாதிக்கு மேல் பெண்கள். 2023 ஜனவரி 1 முதல் நம்ம நாட்டில் பிரசவ லீவு 98 நாள். அதற்கு முன்னால் 60 நாள்தான். லீவு முடிந்து திரும்பி வரும் பெண்ணைப் பார்த்து "நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் மகள் எடுத்த ரெஸ்டை நான் பார்க்கிறேன். பாப்பா இரண்டு மணிக்கு ஒரு தரம் பாலுக்கு எழும். அது தூங்கும் நேரத்தில் மூத்தது முழித்திருக்கும். ஒன்று மடியில், இன்னொன்று முதுகில். பத்தியச் சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கும்.

ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு மகள் அழுவது கேட்டது. பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று எழுந்து போனேன். இல்லை. மூத்தவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்திருக்கிறாள். அம்மா பால் கொடுப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். "அழுதிருந்தா கூடப் பரவாயில்லப்பா, சத்தம் போடாம போயிட்டா" என்று என் மகள் சொன்னாள்.

முதல் 30 நாள் தாயும் பிள்ளையும் அறைக்குள்ளே. அந்தச் சமயம் மூத்த பிள்ளையை மாமியார் வீட்டுக்கோ, சித்தி வீட்டுக்கோ அனுப்பிவிடும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கு. வேறு வழி இல்லாதவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் கணக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்: பாப்பா வந்துச்சு, என்னை அனுப்பிட்டாங்க. முடிந்தவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து பாப்பாவை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, மூத்தவள் பக்கத்தில் ஒரு பொம்மையை அதே மாதிரி காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறாள். அரை போத்தல் தேங்காய் எண்ணெய் போச்சு. போனால் போகட்டும். மகள் பால் கொடுக்கும் நேரத்தில் ஒரு கையால் கதைப் புத்தகம் பிடித்து மூத்தவளுக்குப் படிக்கிறாள். தினமும் ஒரு அரை மணி நேரம் பாப்பாவை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், அந்த நேரம் அம்மா மூத்தவளுக்கு மட்டும்.

"நீ இப்ப பெரிய அக்கா" என்று சொல்லிச் சொல்லி வேலை வாங்குவதும் எனக்குப் பிடிக்காது. பேம்பர்ஸ் எடுத்து வந்து கொடுக்கட்டும், சந்தோஷமாகச் செய்வாள். ஆனால் நாலு வயசு நாலு வயசுதான்.

இப்போது அப்பாக்களுக்கு. சட்டப்படி தனியார் துறையில் கல்யாணமான ஆணுக்கும் தொடர்ந்து 7 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அதே கம்பெனியில் 12 மாசமாவது வேலை செய்திருக்கணும், 30 நாளுக்கு முன்னாடியே சொல்லிவிடணும், அல்லது பிள்ளை பிறந்ததும் சீக்கிரம் சொல்லணும். 5 பிரசவம் வரைக்கும் கிடைக்கும். இது தெரியாமல் வருஷ லீவை வெட்டிக்கொள்ளும் பையன்கள் என்னிடமே வருகிறார்கள். தெரிந்து எடுப்பவர்களிலும் சிலர் இருக்கிறார்கள். நம்ம தொண்டர் தம்பி ஒருவர், தீட்டு என்று கோயிலுக்குள் காலடி வைக்கவில்லை. சரி, முறைதான். ஆனால் மூணு நாளும் வெளியே நின்று பந்தல் கட்டினார். "தம்பி, இந்த 7 நாளும் சாமி உங்களுக்குக் கொடுத்த டியூட்டி வீட்டில்தான்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். பந்தலுக்கு ஆள் கிடைக்கும். மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, குளிக்க வைத்து, சோறு ஊட்டிவிட்டுக் கதை சொல்ல அப்பாவை விட்டால் யார்?

நம்ம முருகன் கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு பழம், இரண்டு பிள்ளைகள். அதில் பிள்ளையாரின் ஞானத்தைப் பற்றித்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். எனக்கு இந்த வயசில் வேறொன்று தெரிகிறது. ஒரு பிள்ளை, எனக்கு இல்லையா என்று மனசு உடைந்து மலையேறிவிட்டது. சாமி வீட்டிலேயே இப்படி. அங்கே யாரும் "மவுசு போச்சா" என்று கேட்டுச் சிரிக்கவில்லை. தேடிப் போனார்கள், சமாதானம் பேசினார்கள், "பழம் நீயே" என்றார்கள். அந்த ஊரே பழனி ஆச்சு.

இன்னொரு விஷயம், தள்ளிப்போடக் கூடாத விஷயம். பிள்ளை பெற்ற பெண் முதல் சில நாட்கள் காரணம் தெரியாமல் அழுவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலும் அப்படியே அழுதுகொண்டிருந்தால், சாப்பிடாமல், தூக்கம் வந்தும் தூங்க முடியாமல், பிள்ளையைத் தூக்கவே மனசில்லாமல் இருந்தால், காத்துக் கருப்பு என்று முடிவு கட்டாதீர்கள். விபூதி போடுங்கள், கயிறு கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதே வாரம் கிளினிக்கிற்கும் கூட்டிப் போங்கள். தாதியிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அது ஒரு நோய், மருந்தும் உதவியும் இருக்கு. மூத்த பிள்ளை அந்த வீட்டுக்குள்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கு.

நம்ம கோயிலில் நாம் என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றும் இல்லை.

தீட்டு கழிந்து முதல் தடவை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பாப்பா பேர், ராசி, நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்வார்கள். கூடவே மூத்த பிள்ளை பேருக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். குருக்கள் அந்தப் பேரைச் சொல்லும்போது அந்த முகத்தைக் கவனியுங்கள். பிரசாதத் தட்டை முதலில் அந்தக் கையில் கொடுங்கள். தைப்பூசத்துக்குக் கரும்புத் தொட்டில் எடுப்பவர்கள் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் கரும்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார்கள், மூத்தது யாரோ ஒரு மாமா கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் கூட்டத்தில் வரும். அதன் கையில் வேலோ, பூத்தட்டோ கொடுத்து முன்னால் நடக்கவிடுங்கள். அதுவும் ஒரு காலத்தில் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைதானே.

வீட்டுக்குப் போகிறவர்கள், நூறு வெள்ளிக்குச் சட்டை வாங்கிப் போகிறீர்கள், மூத்ததுக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி எடுத்துப் போங்கள். வாசலில் நுழைந்ததும் முதலில் அதன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "உன் தம்பிய நீ காட்டுவியா?" என்று கேளுங்கள், கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டும். தாய்க்குப் பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு செய்து கொண்டுபோகும் அக்காமார்களே, அந்தச் சாப்பாடு சின்னதுக்கு இறங்காது. ஒரு டப்பாவில் கொஞ்சம் ரசம் சாதமும் உருளைக்கிழங்கும் தனியாக வையுங்கள். அம்மா படுத்திருக்கும் வீட்டில் மூத்த பிள்ளை மூணு வேளையும் மேகி சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தீட்டு உள்ள வீட்டுப் பிள்ளையைத் தேவார வகுப்புக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்டார்கள். அது வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு, உங்கள் பெரியவர்களிடமும் குருக்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நம்ம வகுப்பு நடப்பது கோயிலுக்கு வெளியே மண்டபத்தில். அங்கே வரத் தடையில்லை என்று குருக்களே சொல்லிவிட்டார்.

இப்போது நம்ம கோயில் குடும்பங்களில் மூன்று வீட்டில் புதுப்பிள்ளை இருக்கு. மூன்றிலும் மூத்தது ஆறு வயசுக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு வகுப்பு. வேனில் இடம் இருக்கு, நானே ஓட்டுகிறேன், கூட ஒரு அக்கா வருவாங்க. பெற்றோர் சம்மதித்தால் வீட்டு வாசலிலேயே ஏற்றி, பசியாற வைத்து, 12 மணிக்குக் கொண்டுவந்து விடுகிறோம். அந்த மூணு மணி நேரம் தாய் தூங்கட்டும். கார் சீட் இரண்டுதான் இருக்கு, வீட்டில் சும்மா கிடப்பது யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது எடுத்துவந்து கொடுங்கள். வகுப்பில் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு பேர் வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் பேர் கொடுங்கள்.